‘நானாத்தான் விட்டனான்’ என்று சொன்னவள்

போன கிழமை என் ஓய்வூதிய அலுவலாக, நான் முன்பு வேலை செய்த, இப்போது நீங்கள் இருக்கிற நம் உதவி அலுவலகத்துக்கு வந்திருந்தேன். சுவரோரம் கிடந்த வாங்கில் முறைக்காகக் காத்திருந்தபோது உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும், முன்னால் நின்ற மனிதரிடம் கேட்டது காதில் விழுந்தது.

"போன மாசமும் வந்தனீங்கள்தானே அங்கிள்? வேலை ஒண்டும் தேடுறேல்லையோ?"

அந்த மனிதர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாதபோது எங்கள் ஆட்கள் சிரிக்கிற சிரிப்பு அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த இடத்திலேயே ஏசியிருப்பேன். நாலு பேர் முன்னால் உங்களை ஏசினால் நீங்கள் அவருக்குச் செய்ததை நான் உங்களுக்குச் செய்ததாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களில் பாதிப்பேர் இந்தப் பலேர்மோ நகரத்திலேயே பிறந்தவர்கள், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று தெரியும். பரவாயில்லை. அம்மாவிடம் கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அம்மாவும் கேட்க வேண்டிய விஷயம்தான்.

விண்ணப்பம் எப்படிப் போடுவது, எந்தப் பொத்தானை அமத்துவது என்றெல்லாம் நான் சொல்லித்தர வரவில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். நான் சொல்ல வருவது அந்தக் கதிரையில் இருக்கிறவரின் வாயைப் பற்றி. வேலை போனவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற காசை எங்கள் சனம் இத்தாலியன் பெயரால் ‘திசொக்குப்பாசியோனெ’ என்று சொல்லும். ஏதோ தொற்றுநோயின் பெயரைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொல்லும். அது பிச்சையில்லை. வேலை செய்த காலமெல்லாம் அவர்கள் பெயரில் கட்டப்பட்ட காப்புறுதி. வீடு எரிந்தவன் காப்புறுதிக் காசு கேட்டால் யாரும் வெட்கப்படச் சொல்வதில்லை. வேலை போனவள் கேட்டால் மட்டும் ஊரே நீதிபதியாகிவிடுகிறது. நீங்களும் ஏன் அந்த ஊரோடு சேருகிறீர்கள்?

கௌரியின் கதையைச் சொல்கிறேன். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். ஆனாலும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கொரோனாவுக்காக எல்லாம் பூட்டி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்த காலம். நம் அலுவலகத்துக்குள் யாரையும் விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒழுங்கையைப் பார்த்த யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நான் உள்ளே இருப்பேன். சனம் வெளியே நிற்கும். நம் அலுவலகம் இருக்கிற அல்பெர்கேரியாப் பகுதி ஒழுங்கைகளின் அகலம் உங்களுக்குத் தெரியும். ஒருவருக்கொருவர் தள்ளி நில்லுங்கள் என்றால் வரிசை பலாரோ சந்தை வரைக்கும் போய்விடும் என்று நெருங்கித்தான் நிற்பார்கள். எனக்கும் முகக்கவசம், அவர்களுக்கும் முகக்கவசம். ஒரு சொல் விளங்க வேண்டுமென்றால் கத்த வேண்டும். ஆகவே யாருடைய வீட்டு விஷயமும் இரகசியமாக இருக்கவில்லை.

அதே ஒழுங்கையில் பாண் கடை வைத்திருந்த சிசிலிக்காரர் கடை வாசலில் நின்றபடி, வெளிநாட்டுக்காரர் சோபாவில் படுத்துக்கொண்டு காசு வாங்குகிறார்கள் என்பார். வரிசையில் நின்ற எங்கள் ஆள் ஒருவர் என்னிடம் இரகசியமாக, "இந்தச் சிசிலிக்காரர்தான் அக்கா சோம்பேறியள், இவங்களாலைதான் நாடு இப்பிடிக் கிடக்கு" என்பார். நாடே நொடிந்துபோன நேரம். யார் நொடிக்க வைத்தது என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. பக்கத்தில் நிற்கிறவனைக் காட்டுவது இலகு.

அந்த வரிசையில் ஒரு நாள் கௌரி வந்து நின்றாள். யாழ்ப்பாணத்துப் பெண். புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற மகளோடு போர்கோ வெக்கியோவில் வாடகைக்கு இருந்தாள். வசதியானவர்கள் இருக்கிற லிபெர்த்தா வீதியில் ஒரு வீட்டில் வயதான சிஞ்ஞோராவை, அந்த வீட்டு அம்மாவை, பார்க்கும் வேலை. மகள் பால்குடி மறந்த நாளிலிருந்து அந்த ஒரே வீடுதான்.

"வேலை ஏன் நிண்டது?" என்று கேட்டேன்.

"நானாத்தான் விட்டனான்," என்றாள், ஒழுங்கை முழுவதற்கும் கேட்க.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். தானாக வேலையை விட்டவருக்கு இந்தக் காசு இல்லை. அவள் சொன்ன பதிலை அப்படியே பதிந்திருந்தால் அவளுடைய கதை அன்றோடு முடிந்திருக்கும். அந்த மாதத்தில் மட்டும் எத்தனை பெண்கள் என்னிடம் அதே வசனத்தைச் சொன்னார்கள். ஒரே வசனம், ஒரே தொனி. நாடெங்கும் வேலை போய்க்கொண்டிருக்க எங்கள் பெண்கள் மட்டும் எப்படி வரிசையாகத் தாங்களே வேலையை விடுகிறார்கள் என்று நான் யோசிக்க வேண்டாமா?

கௌரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. பின்னால் நின்றவர்களுக்குச் சொல்லியிருந்தாள்.

எழும்பி வெளியே போனேன். சட்டப்படி பிழைதான், போனேன். அவளை ஒழுங்கை முடக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகக் கேட்டேன். "கௌரி, வேலை நிண்டதுக்கு அடுத்த நாள் காலமை நீர் வழமைபோல வேலைக்குப் போயிருந்தால் கதவு திறந்திருப்பினமோ?"

அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"இல்லையக்கா. திறப்பையும் வாங்கிப் போட்டினம்."

இந்தக் கேள்வியை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அன்று வாயில் வந்தது. அதற்குப் பிறகு என் வேலையின் கடைசி நாள் வரைக்கும் இதைத்தான் கேட்டேன். ‘ஏன் விட்டீர்கள்’ என்று கேட்டால் மானம் பதில் சொல்லும். கதவைப் பற்றிக் கேளுங்கள், நடந்தது வெளியே வரும்.

நடந்தது இதுதான். நோய்க்காலத்தில் சிஞ்ஞோராவின் மகன், அவர் ஒரு தொத்தோரே, படித்த மனிதர், தாயை முதியோர் இல்லத்தில் சேர்க்க முடிவெடுத்தார். அதை நான் குறை சொல்ல மாட்டேன், அது அவர் வீட்டு விஷயம். கௌரியைக் கூப்பிட்டு, "எங்கள் குடும்பம் இதுவரை ஒருவரையும் வெளியே போகச் சொன்னதில்லை. பத்திரத்தில் நீயாக விட்டதாகப் போடுவோம். உனக்கும் அதுதான் மரியாதை. நிறுத்தினோம் என்று போட்டால் காரணம் என்ன என்று கேட்பார்கள்," என்றாராம்.

யார் கேட்பார்கள்? வீட்டு வேலையில் ஆளை நிறுத்துவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, முன்கூட்டி அறிவித்தால் போதும். அது அவருக்குத் தெரியாதா? தெரியும். கௌரிக்குத்தான் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் சனம்.

"அக்கா, நிப்பாட்டினவை எண்டால் சனம் என்ன கேக்கும்? என்னத்தை எடுத்தவள் எண்டெல்லோ கேக்கும். பேந்து லிபெர்த்தாவிலை ஆர் எனக்கு வேலைக்கு வீடு பிடிச்சுத் தருவினம்?"

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் பெண்களுக்கு வேலை விளம்பரத்தில் கிடைப்பதில்லை. ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லி, அவள் தன் சிஞ்ஞோராவிடம் சொல்லித்தான் கிடைக்கிறது. கை சுத்தம் என்ற பெயர்தான் முதல். அந்தப் பெயருக்காகத்தான் நாங்கள் எல்லோரும், நிறுத்தப்பட்டவர்கள்கூட, ‘நானாத்தான் விட்டனான்’ என்று சொல்லப் பழகினோம். மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு எதிராளிக்கு வேண்டியதை நாங்களே வாயால் கொடுத்தோம். அந்தத் தொத்தோரே இதைத் தெரிந்து பிடித்தாரா, தற்செயலாகப் பிடித்தாரா, எனக்குத் தெரியாது. பிடித்த இடம் சரியான இடம்.

"அவரோடை நான் கதைக்கிறன். பிழையாய்ப் பதிஞ்சதை அவர் திருத்த வேணும். ஆனால் நாள் கனக்க இல்லை. விண்ணப்பிக்கிற காலக்கெடு முடிஞ்சால் பேந்து ஒண்டும் செய்யேலாது," என்றேன். அரை மனதோடு ஓம் என்றாள்.

தொலைபேசியில் அவர் மிகவும் மரியாதையாகக் கதைத்தார். குரலை உயர்த்தவேயில்லை. கௌரி தங்கள் குடும்பத்தில் ஒருத்தி என்றார். பிறகு, "ஆனால் சிஞ்ஞோரா, நாடு இருக்கிற நிலையில் எல்லோரும் இப்படிக் காசு கேட்டு உட்கார்ந்தால் யார் வேலை செய்வது? அவள் உழைப்பாளி. அவளைக் கெடுக்காதீர்கள்," என்று எனக்குப் புத்தி சொன்னார். குடும்பத்தில் ஒருத்தியாம்! குடும்பத்தில் ஒருத்தியிடம் யாராவது திறப்பைப் பறிப்பார்களா? அன்று போனை வைத்த பிறகு நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அவரைக்கூட மன்னித்துவிடலாம். எங்கள் ஆட்களுக்கு வருகிறேன்.

அந்தக் கிழமை எங்கள் சனத்தின் சங்கக் கூட்டம் போனில் நடந்தது. சங்கத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். எல்லோரும் தலைவர் என்றே கூப்பிடுவோம். துறைமுகப் பக்கம் சுற்றுலாக்காரர் தங்கும் அறைகளைத் துப்புரவாக்கும் ஒப்பந்தம் எடுத்து நடத்துகிறவர். கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு அரிசி, பருப்புப் பொதி கொடுத்தவர், அதை மறுக்கவில்லை. கொடுத்த ஒவ்வொரு பொதிக்கும் பக்கத்தில் நின்று படம் எடுத்தவர். அதையும் மறக்கவில்லை. அன்று அவர் சொன்னார்:

"நாங்கள் இஞ்சை உழைக்க வந்தனாங்கள். கை நீட்ட வரேல்லை. இப்ப சில பேர் யன்னல் யன்னலாய் நிண்டு அரசாங்கத்தின்ரை காசு கேக்கினம். எங்கடை பேரைக் கெடுக்கிற வேலை இது. நாளைக்குப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கப் போகேக்கை எல்லாருக்கும்தான் பிரச்சினை வரும்."

கடைசி வசனம் அப்பட்டமான பொய். இந்தக் காசு எடுத்ததற்காக ஒருவருடைய வதிவிட அனுமதியும் பறிபோவதில்லை. நான் இடையில் புகுந்து சொன்னேன். என் ஒலியை நிறுத்திவிட்டார்கள். நேரம் போகிறதாம்.

மறுநாள் கௌரியிடமிருந்து குரல் செய்தி வந்தது. "வேண்டாமக்கா. விட்டு விடுங்கோ. எப்பிடியாவது சமாளிப்பன்."

போர்கோ வெக்கியோவில் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று கதைத்தோம். உள்ளே ஒரு கட்டில், மடித்து வைக்கிற கட்டில் ஒன்று, மகள் படிக்கிற மேசை. சோபாவைக் காணவில்லை. பாண் கடைக்காரரையும் தொத்தோரேயையும் தலைவரையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும்போல இருந்தது. உரிமை, சட்டம், காப்புறுதி என்று நான் அவளுக்கு நெடுநேரம் விளங்கப்படுத்தினேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். தேத்தண்ணி தந்தாள். வேண்டாம் என்ற முடிவில் மட்டும் அசையவில்லை. வாடகைக்கு என்ன செய்வீர் என்று கேட்டதற்கு, மகள் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறாள் என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

திரும்பி வரும்போது எனக்குக் கோபத்தில் கண்ணீர் வந்தது. ஒரு பிள்ளையின் படிப்பைவிட ஊர்வாய் பெரிதாகிவிட்டது. அந்த ஊர்வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அன்று வயிறாரச் சாப்பிட்டவர்கள்.

காலக்கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு காலை யன்னலைத் திறக்கிறேன், வரிசையில் முதல் ஆளாகக் கௌரி. கண் வீங்கியிருந்தது.

"நேற்று சிஞ்ஞோரா எடுத்தவ அக்கா. இல்லத்திலை வேலை செய்யிற பிள்ளையின்ரை போனிலை."

"சுகமாய் இருக்கிறாவோ?"

"அழுதவ. ‘கௌரி, நான் உனக்கு என்ன பிழை விட்டனான்? ஏன் என்னை விட்டிட்டுப் போனனீ’ எண்டு கேட்டவ." அவள் யன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் அலுத்துப்போய் நானாவே விட்டிட்டுப் போட்டன் எண்டு மகன் சொல்லியிருக்கிறார். குளிக்க வார்த்து, சாப்பாடு தீத்தி, இரா இராவாய்க் காலைப் பிடிச்சுவிட்டனான். இப்ப அந்த மனிசி நான் விட்டிட்டு ஓடினனான் எண்டு நினைச்சுக்கொண்டு கிடக்குது."

"நீர் என்ன சொன்னீர்?"

"வாய் வரேல்லை அக்கா. நானும் எல்லாருக்கும் அதைத்தானே சொன்னனான்." மூக்கைத் துடைத்தாள். பின்னால் வரிசை நின்றது, அவளுக்குத் தெரியும். "எழுதுங்கோ. நான் விடேல்லை. என்னை வரவேண்டாம் எண்டு சொன்னவை. களவெடுத்ததாலை இல்லை. அவைக்கு இனி நான் தேவையில்லை எண்டதாலை."

அப்படியே எழுதினேன். நான் மணிக்கணக்காகச் சொல்லி முடியாததை, ஞாபகமே சரியாக இல்லாத ஒரு கிழவியின் ஒரு கேள்வி செய்துவிட்டது. கௌரி காசுக்காக அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. தான் ஒருவரைக் கைவிட்டவள் இல்லை என்பதற்காகச் சொன்னாள். உங்கள் யன்னலில் வந்து நிற்கிறவர்கள் எதைக் காப்பாற்ற வந்து நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்ததுபோல வாயைத் திறக்காதீர்கள்.

அங்கேயே தொத்தோரேக்குப் போன் எடுத்தேன். அவர் மறுபடியும் நாட்டு நிலைமையில் தொடங்கினார். கௌரி கையை நீட்டினாள், போனைக் கொடுத்தேன். சிஞ்ஞோராவிடம் பழகிய, பாதி சிசிலியனான அவளுடைய இத்தாலியனில் மெதுவாகச் சொன்னாள். "தொத்தோரே, அம்மா எனக்குப் போன் எடுத்தார். ஏன் விட்டுப்போனாய் என்று கேட்டார். திரும்பவும் எடுப்பார். நான் அவருக்கு என்ன சொல்லட்டும்?"

மிரட்டவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். அவர், ஏதோ பிழையாகப் பதிந்துவிட்டார்கள் போலிருக்கிறது, பார்க்கிறேன் என்றார். அந்தக் கிழமைக்குள் திருத்தினார். மன்னிப்பென்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. படித்தவர்களுக்குப் ‘பதிந்துவிட்டார்கள்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது, அதில் ஆள் இருக்காது.

அதற்குப் பிறகு கௌரி ஒவ்வொரு ஞாயிறும் முதியோர் இல்லத்துக்குப் போன் எடுத்து சிஞ்ஞோராவோடு கதைத்தாள் என்று கேள்விப்பட்டேன். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

காசு வந்தது, மகள் பள்ளிக்கூடத்தில் நின்றாள். இதோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் தலைவரை நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

சுற்றுலாக்காரர் திரும்பி வரத் தொடங்கிய நேரம் கௌரி எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, தலைவர் வேலை தாறன் எண்டு சொல்லுறார். அறை துப்புரவாக்க. ஆனால் அரசாங்கத்திலை பதிய மாட்டாராம். ‘தங்கச்சி, அந்தக் காசையும் எடும், என்னட்டையும் அரைச் சம்பளம் எடும், ஆருக்குத் தெரியப்போகுது’ எண்டு சொல்லுறார்."

கை நீட்ட வரவில்லை என்று ஊருக்கே பிரசங்கம் செய்த அதே மனிதர்! அரசாங்கத்தின் காசு வெட்கக்கேடு, ஆனால் தான் கொடுக்க வேண்டிய சம்பளத்தில் பாதியை அரசாங்கம் கொடுத்தால் அது வியாபாரம். இந்த நகரத்தில் யார் சோம்பேறி என்று ஓயாமல் தேடுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நாளும் தேடுவதில்லை.

"நீர் என்ன சொன்னீர்?" என்றேன், பயத்தோடுதான். அவளுக்குக் காசு தேவை என்று எனக்குத் தெரியும்.

"பதிஞ்சால் வாறன் எண்டு சொன்னன்."

"அவர்?"

"கோவிச்சுக்கொண்டு போட்டார்."

கொஞ்ச நாள் அவளைப் பற்றிக் கதை உலாவியது. வேலை கொடுத்தும் வரமாட்டேன் என்றாளாம், சும்மா இருந்து சாப்பிட்டுப் பழகிவிட்டாளாம். அந்தக் கதை எங்கேயிருந்து புறப்பட்டது என்று கேட்கத் தேவையில்லை. கௌரி யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. வேறு இரண்டு மூன்று வீடுகளில் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் சுற்றுலாக்காரர் காத்திருக்க மாட்டார்கள். பதியாமல் பிடித்த ஆட்கள் ஒருநாள் வந்தால் மறுநாள் வரவில்லை. அறைகள் அழுக்காகக் கிடக்கத் தலைவர் இறங்கி வந்தார்.

ஒரு நாள் காலை இரண்டு பேரும் யன்னலுக்கு முன்னால் வந்து நின்றார்கள். கௌரியை முறையாகப் பதிவதற்காகத் தலைவர் பத்திரங்களோடு வந்திருந்தார். பின்னால் வழமையான வரிசை. அவருக்குப் பேசாமல் நிற்கத் தெரியாது. யன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"பாருங்கோ அக்கா, இந்தக் காசாலை சனத்துக்கு வேலை செய்யிற எண்ணமே போட்டுது. எங்கை தேடினாலும் ஆக்கள் கிடைக்கினமில்லை."

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். கௌரி அவருடைய முழங்கையை மெல்ல ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"அக்கா, நாளையிலையிருந்து எனக்கு வேலை. அந்தக் காசை இண்டைக்கே நிப்பாட்டி விடுங்கோ. ஒரு நாள் காசும் கூட வரக்கூடாது."

அவளுடைய அலுவலைத்தான் முதலில் செய்தேன். தலைவரை வரிசையின் கடைசியில் போய் நிற்கச் சொன்னேன்.